சட்டைப்பையில் ஒரு பேனாக்கத்தி: வாங்குவதிலிருந்து பிள்ளை கையில் கொடுப்பது வரை

முதன்முதலாகப் பேனாக்கத்தி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கத்தியாகத்தான் எடுக்கிறார்கள். உள்ளங்கை நிறைய, கனமாக, ஒரு விரலால் தட்டினால் படக்கென்று திறக்கிற மாதிரி. கொஞ்ச நாள் பையில் கனத்துக்கொண்டிருக்கும், அப்புறம் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். அன்றாடம் நமக்கு வருகிற வேலைகளை யோசித்துப் பாருங்கள். பார்சலின் நாடாவைக் கிழிப்பது, சணலை அறுப்பது, பென்சில் சீவுவது, ஒரு பழத்தை இரண்டாக்குவது, தொங்கும் நூலை நறுக்குவது. இவ்வளவுக்கும் 5 முதல் 7 செ.மீ. நீள அலகு, அதாவது வெட்டும் தகடு, தாராளம்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. பழைய பாணி மடக்குக்கத்தியைத் திறக்க இரண்டு கையும் வேண்டும், நகம் வேண்டும், கண்ணும் அதன் மேல் இருக்க வேண்டும். அவசரமாக அதைத் திறக்கவே முடியாது. கத்தியைப் பற்றிப் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதி அந்த நிதானம்தான், அதைக் கத்தியே கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் வேகமாகத் திறக்கும் நவீனக் கத்திகளைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வதில்லை.

எந்தக் கத்தி வாங்குவது

பழைய பாணியில் மூன்று குடும்பங்கள் உண்டு.

முதலாவது, ஸ்பிரிங் கத்தி. பிடியின் முதுகில் நீளமான எஃகுப் பட்டை ஒன்று ஓடும். அலகின் அடிப்பகுதியை அது எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதால், திறந்தாலும் மூடினாலும் அலகு அதனதன் இடத்தில் நிற்கும். பூட்டு கிடையாது. அழுத்தம் மட்டும்தான் அலகை நிறுத்துகிறது. முதுகுப் பக்கம் வலுவாக அழுத்தினால் மடங்கிவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் நகரங்களின் பெயரைத் தாங்கி வந்த பழைய பேனாக்கத்திகள் பெரும்பாலும் இந்த வகை. சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தியும் இதே குடும்பம்தான். கார்ல் எல்ஸனர் 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார். 1891இல் அவர் பட்டறையிலிருந்து சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்தி போனது. இன்று நாம் பார்க்கும் வடிவத்தின் மூதாதையான அதிகாரிகள் கத்தி 1897இல் வந்தது. இப்போது விக்டோரிநாக்ஸ் என்ற பெயரில் வரும் அந்தக் கத்திகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்று மூடிய நிலையில் 58 மி.மீ. நீளம்தான். சாவிக்கொத்தில் தொங்கவிடலாம்.

இரண்டாவது, வளையப் பூட்டுக் கத்தி. பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசஃப் ஓபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி இதற்குப் பெயர்போனது. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் அச்சு, ஓர் உலோக வளையம். அவ்வளவுதான் அதன் உறுப்புகள். 1955இல் அதில் சுழலும் பூட்டு வளையம் சேர்ந்தது. அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. இப்போது வருபவற்றில் மூடிய நிலையிலும் பூட்டலாம்; பையில் தானாகத் திறந்துகொள்ளுமோ என்ற பயம் இல்லை. ஒரு சங்கடம் உண்டு. ஈரம் பட்டால் மரம் உப்பி, அலகு உள்ளே இறுகிக்கொள்ளும். அப்போது நகத்தை உடைத்துக்கொள்ள வேண்டாம். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் பின்முனையைக் கெட்டியான மரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்று வெளியே எட்டிப் பார்க்கும், பிடித்து இழுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, உராய்வுக் கத்தி. ஸ்பிரிங்கும் கிடையாது, பூட்டும் கிடையாது. அலகின் பின்னால் ஒரு வால் நீண்டிருக்கும். வெட்டும்போது அந்த வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானின் ஹிகோனொகாமி இந்த வகை. ஒரு காலத்தில் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த கத்தி இது. எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் பிடியை விட்டால் அலகும் ஆடும் என்பதால் தொடக்கக்காரருக்கு வேண்டாம்.

என் பரிந்துரை: உங்களுக்கு ஒற்றை அலகு அல்லது இரட்டை அலகு ஸ்பிரிங் கத்தி, பிள்ளைக்கு முதலில் வளையப் பூட்டு உள்ள, நுனி மழுக்கிய சிறு கத்தி. விக்டோரிநாக்ஸும் ஓபினெலும் வட்ட நுனிக் கத்திகளைப் பிள்ளைகளுக்கென்றே செய்கின்றன. பிள்ளைக் கத்தி என்றதும் விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். அவற்றின் வாய், அதாவது அலகின் கூரான ஓரம், மற்றக் கத்திகளைப் போலவே வெட்டும். குத்திக்கொள்ளும் ஆபத்து மட்டும்தான் குறைகிறது.

அலகின் வடிவத்தையும் பாருங்கள். வாய் நேர்க்கோடாக ஓட, முதுகு மட்டும் முன்புறம் வளைந்து இறங்கிச் சேரும் வடிவம் ஒன்று உண்டு. ஆட்டுக் குளம்பைச் சீவப் பயன்பட்டதால் மேற்கே அதை ஆட்டுக்கால் அலகு என்பார்கள். நுனி தாழ்ந்திருப்பதால் குத்தாது. நேரான வாய் என்பதால் தீட்டப் பழகவும் எளிது. முதல் கத்திக்கு இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை.

பாதியில் நிற்கிற கத்தி கிடைத்தால் விடாதீர்கள். சில ஸ்பிரிங் கத்திகளில் அலகு 90 டிகிரிக்கு வந்ததும் 'டக்'கென்று ஒரு முறை நிற்கும். மூடும்போது விரல் வழியில் இருந்தாலும் அந்த நிறுத்தம் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும்.

இடதுகைப் பிள்ளையா? அலகில் நகம் வைக்கிற பள்ளத்தைப் பாருங்கள். பெரும்பாலான கத்திகளில் அது வலதுகைக்காரருக்கு வசதியான ஒரே பக்கத்தில்தான் இருக்கும். இடதுகைப் பிள்ளை அதைத் திறக்கத் தடுமாறினால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். இரு விரலால் அலகைக் கிள்ளித் திறக்கும்படி பிடியில் வெட்டு விட்ட கத்தியோ, இரு பக்கமும் பள்ளமுள்ள கத்தியோ தேடிக் கொடுங்கள்.

எஃகு விஷயத்தில் நீண்ட யோசனை வேண்டாம். கார்பன் எஃகு சுலபமாகத் தீட்டப்படும், ஆனால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் துருவைத் தாங்கும், கல்லில் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்கும். துடைத்து வைக்கிற பழக்கம் வரும்வரை ஸ்டெயின்லெஸ் போதும்.

கையில் வந்ததும்

கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கைப்பிடிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் உள்ளே தூசியும் ஈரமும் போகும். அலகைத் திறந்து பக்கவாட்டில் மெல்ல ஆட்டிப் பாருங்கள். மயிரிழை அசைவு பரவாயில்லை, லொடலொடவென்று ஆடினால் திருப்பிக் கொடுங்கள். மூடிய நிலையில் நுனி பிடிக்குள் முழுதாக அடங்குகிறதா என்று விரலின் பக்கவாட்டால் தடவிப் பாருங்கள். நுனி துருத்திக்கொண்டிருக்கும் கத்தி பையையும் கிழிக்கும், விரலையும் கிழிக்கும்.

புதுக் கத்தியின் மூட்டில் மெருகேற்றிய தூள் தங்கியிருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நாலைந்து முறை திறந்து மூடினால் கறுப்பாக வழியும். துடையுங்கள், மறுபடி விடுங்கள். கறுப்பு நிற்கும்வரை செய்தால் ஸ்பிரிங்கின் விறைப்பும் சற்றுத் தணியும். இந்தக் கத்தியால் பழமும் வெட்டப்போகிறோம் என்பதால் உணவோடு சேரக்கூடிய மினரல் ஆயிலையே பயன்படுத்துங்கள்.

திறப்பது, மூடுவது

இதைப் படித்துவிட்டு, உட்கார்ந்து, மெதுவாகச் செய்து பாருங்கள். பிடியை ஒரு கையில், கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாகக் கிள்ளிப் பிடியுங்கள். அலகு உட்காரும் வெட்டுக்கு மேலே எந்த விரலும் வரக் கூடாது. மறுகைக் கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் வைத்து இழுங்கள். பாதி வந்ததும் நகத்தை எடுத்துவிட்டு, அலகின் முதுகையும் பக்கங்களையும் கிள்ளிப் பிடித்து மீதியைத் திறங்கள். வாய்ப் பக்கத்தில் விரல் வைக்கவே தேவை இல்லை.

மூடும்போதுதான் பெரும்பாலான வெட்டு விழுகிறது. ஸ்பிரிங் கடைசிக் கால்பங்கில் அலகைத் தானே இழுத்துக்கொண்டு படீரென்று உள்ளே போகும். எனவே பிடியைப் பக்கவாட்டில் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையை அலகின் முதுகில் தட்டையாக வைத்துத் தள்ளுங்கள். கண் அலகின் மேலேயே இருக்கட்டும். பேசிக்கொண்டே மூடுவதும், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே மூடுவதும் வேண்டாம். உங்களைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

பையில் வைப்பதும் சட்டமும்

சிறு கத்தி சாவியோடும் சில்லறையோடும் கிடந்தால் பிடி கீறல் விழும், மூட்டுக்குள் தூசி ஏறும். ஒரு துண்டுத் தோலில் தைத்த சிறு உறையே போதும். எப்போதும் ஒரே பையில், ஒரே பக்கம் வையுங்கள். எங்கே வைத்தோம் என்று தேடுகிற கத்திதான் பிள்ளை கையில் போய்ச் சேரும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியைக் காரணம் காட்டாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் தக்க காரணம் வேண்டும். ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திக்குக் கட்டுப்பாடு. ஜப்பானில் பொதுவாக 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமின்றி எடுத்துச்செல்லக் கூடாது. ஒரே கத்தி ஓரிடத்தில் சாதாரணப் பொருள், இன்னோரிடத்தில் குற்றம். ஆகவே நீங்கள் வசிக்கும் இடத்தின் விதியைத் தேடிப் படித்துவிட்டே வெளியே எடுத்துச்செல்லுங்கள். பயணம் போனால் போகிற இடத்தின் விதியையும் படியுங்கள்.

விமானத்தில் கைப்பையில் கத்தி வேண்டாம். ஒப்படைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். நீதிமன்றம், அரசு அலுவலகம், விளையாட்டரங்கம் போகிற நாளில் வீட்டிலேயே இருக்கட்டும். பள்ளிக்கு எந்தக் கத்தியும் கூடாது. வட்ட நுனியும் கூடாது, சாவிக்கொத்தில் தொங்கும் சுண்டுவிரல் கத்தியும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காற்சட்டைப் பையில் மறந்துபோன கத்தி திங்கட்கிழமை பள்ளியில் பெரிய வம்பாகிவிடும். பிள்ளை என்ன சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வெட்டி முடித்ததும் கத்தி வீட்டில் அதற்கென்று வைத்த பெட்டிக்குள் போகிற பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துவிட்டால் இந்தக் கவலை இராது.

துடைப்பதும் தீட்டுவதும்

பழம் வெட்டினால் உடனே துடையுங்கள். கார்பன் அலகில் நாளடைவில் சாம்பலும் நீலமுமாக ஒரு படிவம் ஏறும். அது அலகைக் காக்கும், தேய்த்து எடுத்துவிடாதீர்கள். செம்பழுப்பாக, தொட்டால் விரலில் ஒட்டுகிற மாதிரி இருந்தால் அது துரு. எண்ணெய் விட்டு மெல்லிய எஃகு நாரால் தேய்த்தால் போய்விடும். தண்ணீரில் ஊறப்போடுவதும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவதும் மரப்பிடியைக் கெடுக்கும்.

தீட்ட, 1000 எண் கொண்ட ஒரு தீட்டுக்கல்லும் ஒரு துண்டுத் தோலும் போதும். வாய் பல்லாங்குழியாகச் சிதைந்திருந்தால் மட்டும் அதைவிடச் சொரசொரப்பான 400 எண் கல் வேண்டும். கல்லின் மேல் அலகைச் சாய்க்கும் கோணம் ஒவ்வொரு பக்கத்துக்கும் 15 முதல் 20 டிகிரி. கோணமானியெல்லாம் தேவையில்லை: அலகு 1 செ.மீ. அகலம் என்றால், முதுகு கல்லிலிருந்து சுமார் 3 மி.மீ. உயர்ந்திருந்தால் ஏறக்குறைய 17 டிகிரி வந்துவிடும். வாயின் ஓரமாக மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துக்கொண்டு நாலு முறை தேய்த்துப் பாருங்கள். மை முழுதும் போனால் கோணம் சரி. மேல்பாதி மட்டும் போயிருந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்க வேண்டும், வாயின் ஓரத்தில் மட்டும் போயிருந்தால் தாழ்த்த வேண்டும்.

ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கத்தில் பிசிர் எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே இழுத்துப் பாருங்கள், சுரசுரவென்று தட்டும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. அடியிலிருந்து நுனிவரை அந்தச் சுரசுரப்பு வந்துவிட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. புதிதாகத் தீட்டுகிறவர்கள் பலர் பிசிர் வரும் முன்பே பக்கம் மாற்றிவிடுவார்கள், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் கூர் வராது. இரு பக்கமும் பிசிர் எடுத்தபின், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாறி மாறி இழுத்து, கடைசியில் தோலின் மேல் வாய் பின்தங்க, முதுகு முன்செல்ல இழுங்கள். தாளை இழுத்து வெட்டும்போது சிக்காமல் போனால் போதும். முன்னங்கை முடியை மழித்துக் கூர் பார்க்கிற வழக்கத்தைப் பிள்ளைகள் முன்னால் காட்டாதீர்கள், அடுத்த நாள் அவர்களும் செய்வார்கள்.

பிள்ளை தயாரா

எந்த வயதில் கொடுக்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வயதை வைத்து என்னால் சொல்ல முடியாது. பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருக்க, 5 வயதில் நிதானமாக வெட்டுகிற பிள்ளையும் உண்டு, 10 வயதிலும் கையில் எது கிடைத்தாலும் வீசிப் பார்க்கிற பிள்ளையும் உண்டு. நான் பார்ப்பது வேறு. "நில்" என்றால் அந்த நொடியில் கை நிற்கிறதா? ஒரே வேலையில் பத்து நிமிடம் உட்கார முடிகிறதா? ஏதாவது உடைந்தால் வந்து சொல்கிறதா, ஒளித்துவைக்கிறதா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். வெட்டுக்காயத்தை மறைக்கிற பிள்ளைக்குக் கத்தி இப்போது வேண்டாம். காயத்தைக் காட்டினால் திட்டு விழாது என்று அந்தப் பிள்ளைக்கு முதலில் நாம் புரியவைக்க வேண்டும்.

அதற்கு முன்பே தொடங்கக்கூடிய ஒன்று உண்டு. நீங்கள் பென்சில் சீவும்போது பக்கத்தில் உட்கார வைத்து, செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "இப்போ சுத்தி யாரும் இருக்காங்களான்னு பாக்கறேன். இப்போ திறக்கறேன். வெட்டி முடிஞ்சுது, முதல்ல மூடறேன், அப்புறம்தான் எந்திரிப்பேன்." சில வாரம் இதைக் கேட்ட பிள்ளை, நீங்கள் ஒன்றை விட்டுவிட்டால் உங்களைத் திருத்தும். அப்போது கத்தியைக் கையில் கொடுக்கலாம்.

முதல் பாடங்கள்

கத்தி இல்லாமல் தொடங்குங்கள். ஐஸ்குச்சியைக் கத்தியாக வைத்துக்கொண்டு எல்லா அசைவையும் பழகலாம்: பிடிப்பது, வெட்டும் திசை, கீழே வைப்பது, கைமாற்றுவது. அந்தக் குச்சியாலேயே குளியல் சோப்பைச் செதுக்கலாம். சோப்பு மெத்தென்று விட்டுக்கொடுக்கும், வெட்டின திசை அதில் அப்படியே தெரியும். பிறகு அதே சோப்பு, உண்மையான கத்தி.

அடுத்து வட்டம். மூடிய கத்தியைக் கையில் பிடித்து, கையை முழுதாக நீட்டி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். கத்தி தொடும் தூரத்துக்குள் ஆள் இருந்தால் திறக்கக் கூடாது. வெட்டிக்கொண்டிருக்கையில் யாராவது உள்ளே வந்தால் கை நிற்க வேண்டும். தம்பி தங்கை ஓடியாடும் வீட்டில் இந்த ஒரு விதியை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பிறகு உட்காரும் விதம். நின்றுகொண்டோ நடந்துகொண்டோ வெட்டக் கூடாது. இரு முழங்கையையும் முழங்காலில் ஊன்றி, குச்சியும் கத்தியும் முழங்காலுக்கு வெளியே இருக்கும்படி குனிந்து உட்கார வேண்டும். மடியில் வைத்து வெட்டவே கூடாது. தொடையின் உட்புறத்தில் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது, அங்கே வெட்டு விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தக் காரணத்தைப் பிள்ளையிடம் பயமுறுத்தாமல் நேராகச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த விதியைப் பிள்ளைகள் காப்பாற்றுவார்கள்.

வெட்டு எப்போதும் உடம்பை விட்டு வெளியே, குச்சியைப் பிடித்திருக்கும் கையையும் விட்டு வெளியே. கட்டைவிரலை நோக்கி இழுக்கும் வெட்டு பின்னால் வரும், முதல் வருடத்தில் வேண்டாம். பெரிதாக ஒரு சீவல் எடுக்கத்தான் எந்தப் பிள்ளைக்கும் ஆசை. மெல்லியதாகப் பல சீவல் எடுக்கச் சொல்லுங்கள். குச்சியைப் பிடிக்கும் கைக்கு வெட்டுத்தாங்கும் கையுறை போடலாம்; அது கீறலைத் தடுக்கும், குத்தைத் தடுக்காது என்பதையும் சொல்லிவையுங்கள்.

கத்தி கீழே விழுந்தால் பிடிக்கப் போகக் கூடாது. கையைத் தூக்கி, காலை நகர்த்திக்கொள்ள வேண்டும். சொல்லிக் கொடுக்காவிட்டால் கை தானாகப் பாயும், எனவே ஐஸ்குச்சியைக் கீழே போட்டுப் போட்டு இதை விளையாட்டாகப் பழக்குங்கள்.

கைமாற்றும்போது மூடிக் கொடுக்க வேண்டும். திறந்தபடி கொடுத்து வாங்குவது எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குள்ளும் கிடையாது. வாங்குகிறவர் "வாங்கிக்கிட்டேன்" என்று சொன்ன பிறகே கொடுத்தவர் விரலை விடுவார்.

மழுங்கிய கத்தியைக் கொடுத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. மழுங்கிய கத்திக்கு அழுத்தம் வேண்டும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிறியதாகவும் கூராகவும் கொடுங்கள்.

சோப்புக்குப் பிறகு பென்சில். என் மகள் முதல்முறை சீவியபோது அலகைச் செங்குத்தாக வைத்து மரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்; தூள்தான் வந்தது. "கொஞ்சம் படுக்க வை கண்ணு," என்றேன். அலகைச் சாய்த்ததும் சுருள் சுருளாக ஒரு சீவல் எழுந்தது. "அப்பா, இப்போ அதுவே போகுது!" என்றாள். அலகு தானாகப் போகிற அந்தக் கோணத்தைக் கை ஒரு முறை உணர்ந்துவிட்டால், பாதிக் கல்வி முடிந்தது.

அடுத்தது கட்டைவிரல் தடிமனில் ஒரு பச்சைக் குச்சி. காய்ந்த மரத்தைவிடப் பச்சை மரம் இளகி வெட்டுப்படும். பட்டையை உரிப்பது, முனையைக் கூராக்குவது, கூடாரத்துக்கு முளை செதுக்குவது என்று ஒவ்வொன்றாகப் போகலாம். முடிச்சு உள்ள இடத்தில் அலகு திடீரென நின்று திடீரென விடுபடும், அங்கே நீங்கள் வெட்டிக் கொடுங்கள். ஸ்பிரிங் கத்தியின் நுனியால் குத்துவது, துளைப்பது, நெம்புவது மூன்றும் கூடாது. பூட்டில்லாத அலகு விரல்மேலேயே மடங்கும். வளையப் பூட்டில் பழகிய பிள்ளை ஸ்பிரிங் கத்திக்கு வரும்போது இதைத் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

இரவல் கத்தி

என் பையில் இரண்டு கத்தி இருக்கும். ஒன்று எனக்கு, மற்றது வட்ட நுனியோடு பிள்ளைக்கு இரவல் கொடுக்க. வெளியே போன இடத்தில் "கத்தி தரீங்களா அப்பா?" என்று கேட்டால், "எதுக்கு?" என்று கேட்பேன். வேலை என்னவென்று சொன்னால் கிடைக்கும். சும்மா என்றால் கிடைக்காது. வேலை முடிந்ததும் துடைத்து, மூடி, என் உள்ளங்கையில் திரும்பி வர வேண்டும். இப்படி இரவல் ஓடுகிற காலத்தை அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். கத்தி என்பது கேட்டு வாங்கி, வேலை செய்து, திருப்பி வைக்கிற கருவி என்ற எண்ணம் பிள்ளை மனதில் பதிவது இந்தக் காலத்தில்தான். கத்தியை எதிராளிமேல் நீட்டுவது, விளையாட்டுக்குக்கூடப் பயமுறுத்துவது, மரத்தில் எறிவது இவற்றுக்கு எச்சரிக்கை கிடையாது. அன்றைக்குக் கத்தி திரும்பிவிடும்.

இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் கத்தி. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்திருந்தால், அந்தப் பிள்ளையின் பெற்றோரைக் கேட்காமல் கத்தியைத் தொடவிடாதீர்கள். உங்கள் வீட்டில் சாதாரணமானது அவர்கள் வீட்டில் அப்படி இருக்க வேண்டியதில்லை.

வெட்டுப்பட்டால்

எப்போதாவது ஒரு வெட்டு விழும். முதலில் கத்தியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். ஓடும் தண்ணீரில் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்கவும். பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுநடுவே திறந்து பார்த்தால் உறைகிற இரத்தம் கலைந்துவிடும். இரத்தம் பீறிட்டு வந்தால் கழுவிக்கொண்டிராமல் உடனே அழுத்துங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் நிற்காவிட்டால், காயத்தின் விளிம்பு வாய்பிளந்து நின்றால், விரல்நுனி மரத்திருந்தால், விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால், அல்லது நுனி ஆழமாகக் குத்தியிருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று குறித்து வைத்திருப்பது நல்லது. கத்தி எடுக்கிற பைக்குள் கட்டுத்துணியும் ஒட்டும் பட்டையும் எப்போதும் இருக்கட்டும்.

சிறிய காயம் என்றால், ஆறியதும் அதே வேலையை அதே கத்தியால் செய்யச் சொல்லி, கை எங்கே தவறியது என்று சேர்ந்து பாருங்கள். பயந்து கத்தியை ஒரேயடியாகப் பூட்டி வைத்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது பயம் மட்டுமே.

சொந்தக் கத்தி

இரவல் வாங்குவதும் திருப்புவதும் சொல்லாமலே நடக்கத் தொடங்கிவிட்டால், பிள்ளைக்கென்று ஒரு ஸ்பிரிங் கத்தி வாங்கலாம். ஒரேயடியாகக் கையில் கொடுத்துவிட வேண்டாம். முதலில் பெயரளவில் பிள்ளையுடையது, இருப்பது உங்கள் பெட்டியில். அப்புறம் வீட்டுக்குள் தானே எடுத்து வைக்கலாம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. அதன் பிறகே முகாமுக்கோ மலையேற்றத்துக்கோ போகும்போது பிள்ளையின் பையில், அதுவும் அந்த இடத்தின் சட்டம் அனுமதித்தால் மட்டும்.

வீட்டில் தாத்தாவின் பழைய கத்தி இருந்தால் அதை முதல் கத்தியாகக் கொடுக்காதீர்கள். பழைய ஸ்பிரிங் சில சமயம் மிக விறைப்பாக இருக்கும், சில சமயம் தளர்ந்து அலகு சும்மா ஆடும். இரண்டுமே பிள்ளை விரலுக்கு ஆகாது. எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊற விட்டு மெல்லத் திறந்து, மூட்டுக்குள் இருக்கும் அழுக்கைக் குச்சியால் எடுத்து, சோதித்து, நீங்கள் பயன்படுத்துங்கள். அலகின் கருமையைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். பல வருடம் தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கியிருந்தால், மூடும்போது நுனி பிடிக்கு மேலே தெரியத் தொடங்கும்; அப்படித் தெரிந்தால் அதைப் பையில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள்.

சொந்தக் கத்தி கொடுத்த பிள்ளைக்குக் கூடவே ஒரு சிறு துணியும் எண்ணெய்ப் புட்டியும் கொடுங்கள். தீட்டுவதை மட்டும் கொஞ்ச காலம் நீங்கள் செய்யுங்கள், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மார்க்கர் கோடு போடட்டும். மாதம் ஒருமுறை இருவர் கத்தியையும் மேசைமேல் வைத்து, ஆட்டம் இருக்கிறதா, துரு இருக்கிறதா, தாளை வெட்டுகிறதா என்று பாருங்கள். உங்கள் கத்தியைப் பிள்ளை சோதிக்கட்டும், பிள்ளையின் கத்தியை நீங்கள் சோதியுங்கள்.